புல்கோகி சீஸ் ஸ்டேக்: குறிப்பில் விடுபட்ட தண்ணீர்க் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் வெளியான 'புல்கோகி சீஸ் ஸ்டேக் சாண்ட்விச்' குறிப்பைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்க நகரமான பிலடெல்ஃபியாவின் சூடான மாட்டிறைச்சி சீஸ் ரோலையும், மெல்லிய மாட்டிறைச்சியை ஊறவைத்துச் சுடும் கொரியாவின் புல்கோகியையும் ஒன்றுசேர்ப்பது நல்ல யோசனைதான். உப்பும் இனிப்பும் பூண்டும் ஏறிய இறைச்சிக்கு உருகிய சீஸ் நன்றாகவே பொருந்தும். ஆனால் அச்சில் வந்தபடியே ஒருவர் வீட்டில் செய்தால், படத்தில் இருக்கும் சாண்ட்விச் கிடைக்காது. சாம்பல் நிறத்தில் வெந்த இறைச்சி, எண்ணெய் பிரிந்த சீஸ், கையில் எடுத்ததும் பிய்ந்துவிடும் ஊறிய பன், இவைதான் கிடைக்கும். முக்கியக் காரணம் ஒன்றே: குறிப்பை எழுதியவர் தண்ணீரைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கச் சொல்லவில்லையே என்று கேட்கலாம். சேர்க்க வேண்டியதே இல்லை. பச்சை மாட்டிறைச்சியின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதோடு சோயா சாஸ், பழச்சாறு, காரமாக நொதிக்கவைத்த கொரியக் காய்கறியான கிம்ச்சியின் சாறு. இத்தனையையும் ஒரே வாணலியில் ஒரே நேரத்தில் கொட்டி 'நன்றாக வதக்கவும்' என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? அந்த ஈரம் முழுக்க ஆவியாகும்வரை இறைச்சியின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. இறைச்சி சிவந்து மணம் கூடுவதற்குக் காரணமான மாற்றத்தை 1912இல் லூயி கமீய் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்தார். அது மும்முரமாக நடக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். அதற்குள் மெல்லிய துண்டுகள் தம் சாற்றை இழந்து விறைத்துவிடும். வறுவல் என்று அடுப்பில் ஏற்றியது அவியலாக இறங்கும்.

இணைக்கப்படும் இரண்டு உணவுகளும் இந்தச் சிக்கலை அவரவர் வழியில் தீர்த்து வைத்திருந்தன என்பதைக் குறிப்பு கவனிக்கவில்லை. பிலடெல்ஃபியாவில் 1930இல் பாட் ஒலிவியேரி தொடங்கிவைத்த ஸ்டேக் சாண்ட்விச்சில் இறைச்சியை ஊறவைக்கும் வேலையே கிடையாது. மெல்லியதாகச் சீவிய இறைச்சி அகன்ற, நன்கு காய்ந்த இரும்புத் தட்டில் விழுகிறது. இடம் தாராளமாக இருப்பதால் ஈரம் நொடியில் போய்விடுகிறது. சீஸ்கூடப் பிற்பாடு சேர்ந்ததுதான். புல்கோகியில் இறைச்சி ஊறுகிறது, ஆனால் கம்பி அடுப்பில் சுடும்போது சாறு கீழே சொட்டிவிடுகிறது. நடுவில் குமிழ்போல மேடான தட்டில் செய்யும் முறையும் உண்டு. அதில் சாறு வழிந்து விளிம்பில் தேங்கும். அந்தச் சாற்றைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவார்கள் என்பதால் அங்கே ஈரம் தேவையான பொருள். ரொட்டிக்கு அது எதிரி. ஆக, ஊறிய இறைச்சியைச் சமதளமான வாணலியில் போட்டு ரொட்டிக்குள் வைக்கப்போகும் நாம்தான் ஈரத்துக்கு ஒரு வழி செய்ய வேண்டும்.

இனி விவரம். 20 சென்டிமீட்டர் நீள ரோல் மூன்றுக்கு எலும்பில்லாத இறைச்சி 500 கிராம் போதும். விலாப் பகுதியின் ரிப்-ஐ துண்டு சிறந்தது. நாருக்கிடையே கொழுப்பு ஓடுவதால் வேகமான சூட்டிலும் வறண்டுபோகாது. இடுப்புப் பகுதியின் சர்லாயினும் சரிவரும். தொடைக்கறி என்றால் இன்னும் மெல்லியதாக வெட்ட வேண்டும். குறிப்பில் 'மெல்லியதாக' என்று மட்டும் இருக்கிறது. 2 முதல் 3 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்க வேண்டும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் மெல்லும்போது ஒரு துண்டு முழுசாக ரோலிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். அறை வெப்பத்தில் இருக்கும் இறைச்சியை இவ்வளவு மெல்லியதாகச் சீவ முடியாது. உறைபெட்டியில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வைத்து, வெளிப்புறம் கெட்டியாகி நடுப்பகுதி அழுத்தினால் லேசாக அமுங்கும் பதத்தில் எடுத்து, நாரின் திசைக்குக் குறுக்கே சீவ வேண்டும். கல்லாக உறையவிட்டால் கத்தி வழுக்கும், கை போகும். நாரின் திசையிலேயே வெட்டினால் எந்த ஊறலும் அதை மிருதுவாக்காது.

ஊறவைக்கும் கலவையில்தான் பெரிய தவறு. 6 மேசைக்கரண்டி சோயா சாஸ், அரைக் கோப்பை புதிய அன்னாசிச் சாறு, இரவு முழுவதும் ஊறல் என்று அச்சாகியிருக்கிறது. சாதாரணச் சோயா சாஸின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு உப்பு. 500 கிராம் இறைச்சிக்கு 3 மேசைக்கரண்டி, அதாவது 45 மில்லிலிட்டர், போதும். சீஸிலும் உப்பு இருக்கிறது, கிம்ச்சியிலும் இருக்கிறது. தனியாக உப்பே போடக் கூடாது. அன்னாசியில் உள்ள புரொமெலெய்ன் என்ற நொதி புரதத்தை அறுக்கும். மெல்லிய துண்டுகளை இரவு முழுக்க அதில் விட்டால் காலையில் மேற்பரப்பு கூழாகியிருக்கும். அந்தக் கூழ் வாணலியில் ஒட்டும், சாறு விடும், சிவக்காது. பச்சைப் பப்பாளியும் கிவியும் இதே வேலையைச் செய்யும். டப்பாவில் அடைத்த அன்னாசிச் சாற்றில் இந்த ஆபத்து இல்லை. பதப்படுத்தும்போது பட்ட சூட்டில் நொதி செயலிழந்திருக்கும். ஆனால் அது வெறும் இனிப்புத் தண்ணீர்தான். கொரியச் சமையலில் பேரிக்காய் போடுவதற்குக் காரணம் உண்டு: அதிலும் நொதி இருக்கிறது, ஆனால் சாது.

எனவே: சோயா சாஸ் 45 மில்லிலிட்டர், பழுப்புச் சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, துருவிய பேரிக்காய் 3 மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு 4 பல், துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. எள் எண்ணெய் 2 தேக்கரண்டி, ஆனால் அது வறுத்த எள்ளில் ஆட்டிய கருத்த எண்ணெயாக இருக்க வேண்டும். வறுக்காத எள்ளின் எண்ணெயில் அந்த மணம் வராது. வாசனைக்கான இந்த எண்ணெயை வறுக்கப் பயன்படுத்துவது வீண், கசந்துபோகும். கலவையிலிருந்து 2 மேசைக்கரண்டியை இறைச்சி படுவதற்கு முன்பே எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். மீதியில் இறைச்சியைப் பிசறி, குளிர்பெட்டியில் 30 நிமிடம் முதல் 2 மணி நேரம்வரை. 3 மில்லிமீட்டர் கனத்துக்கு அதற்கு மேல் ஊறுவதால் சுவை கூடிவிடாது.

அடுத்தது, குறிப்பில் இல்லவே இல்லாத படி. ஊறிய இறைச்சியை வடிகட்டியில் போட்டு 10 நிமிடம் வடியவிட்டு, காகிதத் துண்டில் பரப்பி மேலும் கீழும் ஒற்றி எடுக்க வேண்டும். சுவை போய்விடுமே என்ற பயம் வேண்டாம். உப்பும் இனிப்பும் உள்ளே போயாயிற்று. ஒட்டியிருக்கும் பூண்டுத் துணுக்குகளையும் வழித்துவிடுவது நல்லது, அதிகச் சூட்டில் முதலில் கருகுவது அவைதான். வடிந்த சாறு பச்சை இறைச்சி பட்டது, கொட்டிவிடலாம். ருசிக்கு ஒதுக்கிவைத்த 2 மேசைக்கரண்டி இருக்கிறது.

அடுப்பில் முதலில் ஏற வேண்டியது வெங்காயம், தனியாக. பெரிய வெங்காயம் ஒன்றை 5 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மிதமான தீயில் 10 முதல் 12 நிமிடம், ஓரங்கள் பொன்னிறமாகும்வரை வதக்கி எடுத்துவிட வேண்டும். கிம்ச்சி சேர்ப்பவர்கள் 100 கிராமைக் கையால் இறுகப் பிழிந்து, நறுக்கி, அதே வாணலியில் 3, 4 நிமிடம் பிரட்டி ஈரம் வற்றவிடலாம். இரண்டையும் தட்டில் பரப்பி வைக்கவும். மூடி வைத்தால் ஆவி திரும்பத் தண்ணீராகும்.

இறைச்சிக்கு 28 முதல் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வார்ப்பிரும்பு வாணலி அல்லது கனமான இரும்புக் கல் வேண்டும். மெல்லிய பாத்திரத்தில் இறைச்சி விழுந்ததும் சூடு இறங்கி, மீண்டும் ஏறுவதற்குள் சாறு தேங்கிவிடும். ஒட்டாத பூச்சுள்ள வாணலி இந்த வேலைக்கு ஆகாது. ஏறக்குறைய 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், வெறும் வாணலியைப் பெருந்தீயில் காயவைத்தால் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது. இரும்பை 4 அல்லது 5 நிமிடம் நன்கு காயவைத்து, சுத்திகரித்த எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி விட்டு, அது பளபளத்து முதல் இழைப் புகை எழும்போது இறைச்சியில் பாதியை மட்டும், 250 கிராம், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். வீட்டு அடுப்பின் தீ சிறியதென்றால் மூன்று தவணையாகப் போடலாம். பிறகு கையைக் கட்டிக்கொண்டு 60 முதல் 90 வினாடி சும்மா இருக்க வேண்டும். கிளறினால் ஒவ்வொரு தடவையும் சூடான இடத்திலிருந்து இறைச்சியை நகர்த்துகிறோம், அவ்வளவுதான். அடிப்பக்கம் கரும்பழுப்பாகி ஓரங்கள் சுருண்டதும் புரட்டி, இன்னும் 30 முதல் 45 வினாடி. எடுத்துவிட்டு அடுத்த தவணை.

சத்தத்தைக் கேட்டே நிலைமையைச் சொல்லிவிடலாம். படபடவென்று வெடித்தால் வறுபடுகிறது. கொதிக்கும் சத்தம் வந்து அடியில் சாறு தேங்கினால் சூடு போதவில்லை அல்லது அளவு கூடிவிட்டது. அப்போது கிளறிக்கொண்டே நின்று பயனில்லை. இறைச்சியை எடுத்து, சாற்றை வேறு கிண்ணத்தில் கொட்டி, கல்லைத் துடைத்துக் காயவைத்து மீண்டும் தொடங்க வேண்டும். முதல் தவணை முடிந்ததும் அடியில் கருஞ்சர்க்கரை படிந்திருந்தால் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டித் துடைத்துவிடவும். விட்டுவைத்தால் இரண்டாம் தவணை முழுக்கக் கசக்கும்.

எல்லாத் தவணையும் வெந்தபின் தீயைக் குறைத்து, ஒதுக்கிவைத்த கலவையைக் கல்லில் ஊற்றினால் அரை நிமிடத்தில் பாகுபோல் சுண்டும். உடனே இறைச்சியையும் வெங்காயத்தையும் போட்டுப் பிரட்டினால் ஒவ்வொரு துண்டிலும் பூசிக்கொள்ளும், அடியில் எதுவும் மிஞ்சாது. கரண்டியால் இறைச்சியைக் கொத்துவதா, துண்டாகவே விடுவதா என்ற வழக்கு பிலடெல்ஃபியாவிலேயே இன்னும் தீரவில்லை. இந்த இணைப்பு வகைக்குக் கொத்தாமல் விடுவதே மேல் என்பது என் கட்சி. கொத்தினால் இன்னும் சாறு விடும், பொன்னிறமும் உடைந்து கலைந்துவிடும்.

சீஸ் விஷயத்தில் குறிப்பு 'மொசரெல்லா அல்லது விருப்பமான சீஸ்' என்று கைகழுவிவிட்டது. தண்ணீரில் மிதக்க விற்கப்படும் புதிய மொசரெல்லாவின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். இவ்வளவு பாடுபட்டு ஈரத்தைத் துரத்திய இறைச்சிமேல் அதை உருக்குவது செய்த வேலையை அழிப்பதற்குச் சமம். அதிக நாள் பழுத்த செடார் உருகும்போது எண்ணெய் பிரியும். துருவி உறையில் விற்பதில் துகள்கள் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பதால் திட்டுத்திட்டாக உருகும். ரோல் ஒன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரொவலோன் என்ற இத்தாலிய வகைச் சீஸ், மெல்லிய வில்லைகளாக, என்பதுதான் பாதுகாப்பான தேர்வு. பதப்படுத்திய சீஸ் வில்லைகளைத் தாழ்வாக நினைப்பவர்கள் உண்டு. உருகும் குணத்தில் அவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. 1911இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஷ்டெட்லரும் சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்தால் சீஸின் கொழுப்பும் புரதமும் பிரியாமல் நிற்பதைக் காட்டினார்கள். 1916இல் ஜேம்ஸ் கிராஃப்ட் தம் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்று பல சீஸ் ஸ்டேக் கடைகளில் ஊற்றும் மஞ்சள் குழம்பு அந்த வழியில் வந்ததே.

அந்தக் குழம்பை வீட்டிலும் செய்யலாம். 120 மில்லிலிட்டர் பாலில் 5 கிராம் சோடியம் சிட்ரேட்டைக் கரைத்துச் சூடாக்கி, கொதிக்கும் முன் தீயைக் குறைத்து, கட்டியிலிருந்து துருவிய இளம் செடார் 130 கிராமைப் பிடிபிடியாகப் போட்டுக் கலக்கினால் வழவழப்பாகத் திரளும். சோடியம் சிட்ரேட் வேறு, சிட்ரிக் அமிலம் வேறு. பெயர் மயக்கத்தில் இரண்டாவதைப் போட்டால் பால் திரிந்துவிடும். கிம்ச்சிச் சாறும் புளிப்பு என்பதால் அதைக் குழம்பில் கலக்காமல் தனி அடுக்காக வைப்பதே சரி.

ரொட்டி. பர்கர் பன் இதற்கு ஆகாது. அதன் நெய்ப்பும் மென்மையும் சூடான இறைச்சியின் எடையில் நசுங்கிப்போகும். பாகெட் என்ற முறுகலான நீளப் பிரெஞ்சு ரொட்டியும் ஆகாது, கடிக்கும்போது உள்ளிருப்பதெல்லாம் பின்பக்கமாகப் பிதுங்கிவிடும். மேல்தோல் மெல்லியதாக, உள்ளே மென்மையும் இழுவையும் உள்ள நீள ரோல்தான் வேண்டும். கிடைக்காவிட்டால் சுட்டுக்கொள்ளலாம்: புரதம் அதிகமுள்ள ரொட்டி மாவு 500 கிராம், தண்ணீர் 300 மில்லிலிட்டர், உடனடி ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10 கிராம், சர்க்கரை 15 கிராம், வெண்ணெய் 25 கிராம். நன்கு பிசைந்து, இருமடங்காக உப்பவிட்டு, 140 கிராம் உருண்டைகள் ஆறாகப் பிரித்து 20 சென்டிமீட்டருக்கு உருட்டி, மறுபடி உப்பியபின் 220 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். ஒரு மணி நேரமாவது ஆறிய பிறகே வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உள்பகுதி பிசுபிசுக்கும், அதுவும் ஈரம்தான்.

ரோலைப் பக்கவாட்டில் பிளந்து, ஒரு சென்டிமீட்டர் ஒட்டியிருக்கும்படி விட்டு, உட்பக்கங்களில் வெண்ணெய் தடவி, கல்லில் கவிழ்த்துப் பொன்னிறமாக வாட்ட வேண்டும். இதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. காய்ந்த பரப்பும் கொழுப்புப் படலமும் சேர்ந்து சாற்றைச் சற்று நேரம் தடுத்து நிறுத்தும். அதன்மேல் மயோனேஸ் 3 மேசைக்கரண்டியுடன் கொச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுது 2 தேக்கரண்டி கலந்து மெல்லியதாகப் பூசலாம். சிகாகோவின் இத்தாலியன் பீஃப் சாண்ட்விச்சை ரொட்டியோடு சாற்றில் முக்கியே கொடுக்கிறார்களே என்று ஒருவர் கேட்கலாம். அங்கே அதற்கென்று அடர்த்தியான ரொட்டியைத் தேர்ந்திருக்கிறார்கள். இந்த மென்மையான ரோலில் அதைச் செய்துபார்த்தால் கரண்டிதான் தேவைப்படும்.

சேர்க்கும்போது இறைச்சியைக் கல்லிலேயே மூன்று நீளக் குவியல்களாக ஒதுக்கி, தீயை மிகக் குறைத்து, வில்லைகளை மேலே பரப்பி 30 முதல் 40 வினாடி மூடினால் போதும். சீஸ் தொய்ந்து இறைச்சியைப் பிடித்துக்கொண்டதும் மூடியை எடுத்துவிட வேண்டும். முழுக்க ஓடும்வரை காத்திருந்தால் சூட்டில் புரதம் இறுகிக் கொழுப்பைப் பிழிந்துவிடும். கடைகளில் மூடுவதற்கு முன் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பதுண்டு. ஊறிய இறைச்சிக்கு அது வேண்டாம். விரித்த ரோலைக் குவியலின்மேல் தொப்பியாகக் கவிழ்த்து, அகலமான தட்டைக் கரண்டியை அடியில் செலுத்தி ஒரே வீச்சில் புரட்டினால் சீஸ் ரொட்டியின் பக்கமாகவும் இறைச்சி மேலாகவும் அமையும். சீஸே இன்னொரு தடுப்பாகிவிடுகிறது. கிம்ச்சி கடைசியில், மேலே. காகிதத்தில் சுற்றி ஒரு நிமிடம் வைத்தால் தோல் சற்று இளகிக் கடிக்க வாகாக இருக்கும். அலுமினியத் தாளில் சுற்றினால் ஆவி வெளியேற வழியின்றி ரோல் நனையும்.

ரிப்-ஐ கிடைக்காதவர்கள் கொத்திறைச்சியில் செய்யலாம் என்று குறிப்பின் அடியில் ஒரு வரி இருக்கிறது. செய்யலாம், ஆனால் கொத்தும்போது மேற்பரப்பில் இருந்த கிருமிகள் உள்ளே கலந்துவிடுவதால் அதன் உள்வெப்பம் 71 டிகிரியை எட்டியே ஆக வேண்டும். முழுத் தசைத் துண்டுக்குச் சொல்லப்படும் 63 டிகிரி அதற்குப் பொருந்தாது. கொத்திறைச்சியைக் கலவையில் ஊறவைப்பதும் வேண்டாம். முதலில் வறுத்துவிட்டு, சுண்டிய கலவையைப் பிறகு சேர்த்தால் போதும். மிஞ்சிய இறைச்சியை ரொட்டியிலிருந்து பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

தங்கள் பக்கத்தில் இனி வெளியாகும் குறிப்புகளில் இறைச்சியின் எடை, வெட்டும் கனம், வாணலியின் அகலம், தீயின் அளவு ஆகிய நான்கையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கரண்டிக் கணக்கு மட்டும் இருந்தால் வாசகரின் அடுப்பில் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இவையெல்லாம் ருசி சம்பந்தப்பட்டவை, தாமதமானாலும் பரவாயில்லை. ஒன்று அப்படியல்ல. 'குளூட்டன் இல்லாத ரொட்டியைப் பயன்படுத்தினால் கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களும் சாப்பிடலாம்' என்று குறிப்பு முடிகிறது. சாதாரணச் சோயா சாஸ் சோயாவோடு கோதுமையும் சேர்த்து நொதிக்கவைத்துச் செய்வது. கடையில் விற்கும் கொச்சுஜாங் பலவற்றிலும் கோதுமை உண்டு. கோதுமை சேராத தமாரி வகைச் சோயா சாஸும், உறையில் பொருள் பட்டியலைப் படித்து வாங்கிய கொச்சுஜாங்கும் இல்லாமல் அந்த வாக்கியம் தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அதற்கான திருத்தத்தை அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காமல் நாளிதழிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சமையல் தொழிலில் உள்ள ஒரு வாசகர்